உங்கள் மகள் உதைபந்தாட்டக் கழகத்தில் சேரக் கேட்கிறாளா?



2025 யூலை 2ஆம் திகதி ஐரோப்பியப் பெண்கள் உதைபந்தாட்டக் கிண்ணத்தின் முதல் ஆட்டம் எங்கட துன் நகரத்தில் நடந்தது. பின்லாந்து ஐஸ்லாந்தை 1-0 எண்டு வென்றது. அந்தக் கோடைக்குப் பிறகு "நானும் சேரட்டோ?" எண்டு உங்கட பெண்பிள்ளையும் கேட்டிருக்கலாம். பதில் சொல்ல முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ.

கிண்ணப் போட்டி எப்படி?

16 அணிகள் 4 குழுக்களாக ஆடின. ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு அணிகள் காலிறுதிக்குப் போகும். அங்கிருந்து தோற்ற அணி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். சமநிலை எண்டால் 30 நிமிடம் கூடுதலாக ஆடி, அதற்குப் பிறகும் முடிவில்லை எண்டால் தண்ட உதை. பாசலில் இறுதியாட்டம் அப்படித்தான் முடிந்தது: 1-1 சமநிலைக்குப் பிறகு இங்கிலாந்து 3-1 எண்டு ஸ்பெயினை வென்றது.

சுவிஸ் அணியைக் காலிறுதிக்குக் கொண்டுபோனது ரியோலா ஜெமாயிலி. பின்லாந்துக்கு எதிராக 92ஆவது நிமிடத்தில் கோல் போட்டார். அவரும் அல்பேனிய வம்சாவளிக் குடும்பத்துப் பிள்ளை.

இந்த நாட்டிலும் கதவு லேசாகத் திறக்கவில்லை. 1965இல் சியோன் நகரில் மதலின் போல் எண்ட 12 வயதுப் பிள்ளைக்கு ஆட்ட அனுமதி அட்டை கிடைத்தது. பெண் எண்டபடியால் சங்கம் அதைத் திருப்பி எடுத்தது. பெண்களுக்கான தேசியக் கிண்ணம் 1975/76 பருவத்தில்தான் தொடங்கியது. இண்டைக்கு உங்கட மகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் பெரியபிள்ளை ஆனவுடன் நாங்களே மறிச்சுப் போடுகிறம். ஓடி ஆடுவதால் அவளுக்கு ஒரு கெடுதலும் வராது. வகுப்புக்கு வெளியே டொச் பழகவும், சிநேகிதிகளைத் தேடவும் இதைவிட நல்ல இடம் குறைவு.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

எஃப் அல்லது என் அட்டை எண்டால் சேரலாமோ? சேரலாம். பிள்ளை விளையாடுவதால் உங்கட வழக்குக்குப் பாதிப்பு வராது.

என்ன பத்திரம் வேணும்? வதிவிட அட்டையும் பிறந்த திகதிக்கான ஆதாரமும் எடுத்து வையுங்கோ. வெளிநாட்டிலிருந்து வந்த, 10 வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு, ஃபிஃபா விதிப்படி கூடுதல் அனுமதி தேவைப்படலாம். அதற்கு நாள் எடுக்கும். பருவம் தொடங்கும்வரை காத்திராமல் வேளைக்கே தொடங்குங்கோ.

ஊருக்குத் தகவல் போகுமோ எண்டு பயமா? கையெழுத்து வைக்க முதல், நாங்கள் அகதிகள் எண்டு கழகச் செயலாளரிடம் சொல்லி, எந்தத் தகவல் எங்கே போகும் எண்டு கேளுங்கோ. தப்பி வந்த பிள்ளைகளுக்கு ஃபிஃபா விதியில் தனி ஏற்பாடு உண்டு.

காசு? ஆண்டுச் சந்தாவும் சப்பாத்தும்தான் முக்கிய செலவு. தவணையாகக் கட்டலாமோ எண்டு கேட்பதில் வெட்கமில்லை. சோசியலில் இருப்பவர்கள் தங்கட அலுவலரிடமும் கேட்கவேணும். குறைந்த வருமானக்காரருக்கு கரித்தாஸின் 'குல்தூர்லேகி' அட்டையில் பல இடங்களில் கழிவு கிடைக்கும்.

தமிழ்ப் பாடசாலை நேரத்தில் ஆட்டம் வந்தால்? பருவத் தொடக்கத்திலேயே பயிற்றுநரிடம் சொல்லி வையுங்கோ. ஆட்டம் இருக்கிற நாளில் சொல்லாமல் மறிச்சால் முழு அணிக்கும் கஷ்டம்.

கழகம் தந்த படிவம் விளங்கவில்லையா? வெறுமையாகவே எங்கட ஆலோசனை நேரத்தில் கொண்டு வாங்கோ. மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, சேர்ந்து நிரப்புவம்.