தெரிவு அணியில் யாருக்கு இடம்?

உதைபந்தாட்டப் பருவம் முடிவுறும் வேளைகளில் மட்டக்களப்பு மாவட்டத்தின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கேட்கும் வாதமொன்று உண்டு. பல்வேறு கழகங்களில் ஆடிய வீரர்களைத் திரட்டி மாவட்ட அணியோ மாகாண அணியோ அமைக்கப்படுகையில், எமது கழகத்திலிருந்து எவருக்கு இடம் கிடைக்க வேண்டும் என்பதே அவ்வாதம். தேநீர்க் கடையில் ஆரம்பிக்கும் அது, தொழுகை முடிந்து வெளியேறுவோர் மத்தியிலும் கோயில் திருவிழாக் கூட்டத்திலும் தொடர்கின்றது. கோல் அடித்தவர் தகுதியானவரா, அவருக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் தகுதியானவரா என்று ஒரே கழகத்தின் ஆதரவாளர்களே இரு பிரிவாகப் பிரிந்து நிற்பதும் உண்டு.

இந்த வாதம் ஆரோக்கியமானது. தம் ஊர்ப் பிள்ளைகளின் ஆட்டத்தை ஊன்றிக் கவனிக்கும் இரசிகர்கள் இருக்கும் இடத்திலேதான் அது எழும். ஆயினும், ஏறாவூர் போன்றதோர் ஊரில் அது விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ள ஏறாவூரும், அதனை அடுத்துள்ள செங்கலடி, கொம்மாதுறை, வந்தாறுமூலை ஆகிய ஊர்களும் தமிழரும் முஸ்லிம்களும் வேலியோடு வேலியாக வாழும் பிரதேசமாகும். 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஏறாவூரில் முஸ்லிம்களும், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானிலும் சவுக்கடியிலும் தமிழர்களும் படுகொலை செய்யப்பட்டனர். அக்காயங்களின் வடு இரு சமூகங்களிலும் இன்னும் இருக்கின்றது. இத்தகைய மண்ணில் வெளியாகும் எந்தப் பெயர்ப்பட்டியலையும் மக்கள் ஒரு கணக்குப் பார்த்தே வாசிக்கின்றனர். இதில் எம்மவர் எத்தனை பேர், அவர்கள் எத்தனை பேர் என்பதே அக்கணக்கு.

இக்கணக்கு எதனால் எழுகின்றது என்பதை நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். காரணங்கள் கூறப்படாது ஒரு பட்டியல் வெளியிடப்படுமாயின், அதில் வாசிப்பதற்கு எஞ்சியிருப்பது பெயர்கள் மட்டுமே. எமது பெயர்களோ எமது சமயத்தை உடனே சொல்லிவிடும். ஆகவே, தெரிவின் அளவுகோலை முன்கூட்டியே அறிவித்து, முடிவின் காரணத்தையும் வெளியிடுவது நிர்வாக ஒழுங்கு என்பதற்கும் மேலாக, இரு சமூகங்களுக்கிடையிலான நம்பிக்கையைக் காக்கும் காரியமுமாகும்.

முதலில், தெரிவு அணி என்பது யாது என்பதில் தெளிவு வேண்டும். மாவட்டத்தின் மிகச் சிறந்த பதினொரு வீரர்களைச் சேர்த்துவிட்டால் மிகச் சிறந்த அணி கிடைத்துவிடும் என்பது பொதுவான எண்ணம். உண்மை அவ்வாறன்று. மாவட்டத்தில் கோல் அடிப்பதில் வல்ல ஆறு பேர் இருப்பினும், களத்தில் முன்களத்துக்கு உரிய இடங்கள் இரண்டோ மூன்றோதான். மறுபுறம், இடது பின்களத்தில் இயல்பாக ஆடவல்ல இடக்கால் வீரர் ஒருவர் கிடைப்பது அரிது. எனவே, ஆறாவது சிறந்த முன்கள வீரர் வெளியே நிற்க, அவரைவிடப் பெயர் குறைந்த இடக்கால் பின்கள வீரர் அணிக்குள் வருவார். உலகக் கிண்ணத்துக்குச் செல்லும் ஒவ்வோர் அணியும் மூன்று கோல்காப்பாளர்களைக் கொண்டிருத்தல் வேண்டும் என்ற விதியும் இதே நியாயத்தின் பாற்பட்டதே. களமிறங்கும் வாய்ப்பே இல்லாத மூன்றாவது கோல்காப்பாளர், வீட்டில் இருக்கும் எத்தனையோ முன்கள வீரர்களைவிடத் திறமை குறைந்தவராக இருக்கலாம். ஆனால் அந்த இடம் அவருக்குரியது.

இரண்டாவதாக, இரசிகர்களின் கண் கோலையே தேடுகின்றது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. இது ஏறாவூருக்கு மட்டும் உரிய குறைபாடன்று. 1956ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வரும் பலோன் டோர் விருதை இதுவரை பெற்றுள்ள ஒரேயொரு கோல்காப்பாளர், 1963இல் அதனை வென்ற சோவியத் வீரர் லெவ் யாஷின் ஆவார். பின்கள வீரர்களுள் ஜேர்மனியின் பெக்கன்பவர் 1972இலும் 1976இலும், சமர் 1996இலும், இத்தாலியின் கன்னவாரோ 2006இலும் அதனைப் பெற்றனர். எஞ்சிய ஆண்டுகளில் விருது சென்றது பெரும்பாலும் முன்கள, நடுக்கள வீரர்களுக்கே. ஆட்டத்தை எழுதுவதையே தொழிலாகக் கொண்ட செய்தியாளர்களே இவ்வாறு வாக்களிக்கையில், மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் இரசிகரைக் குறைகூறிப் பயனில்லை. எமது நாட்டைப் பொறுத்தவரையில், 1980களில் வங்காளதேசத்தின் ஆபஹனி கழகத்தில் ஆடிப் பெயர் பெற்று, 2018இல் தேசிய அணியின் பயிற்றுநராகவும் நியமிக்கப்பட்ட நிசாம் பக்கீர் அலி ஒரு பின்கள வீரரே என்பதை இங்கு நினைவுகூர்வது பொருத்தமானது.

ஒரே கழகத்தின் இருவருள் எவரைத் தெரிவு செய்வது என்ற கேள்வி இதனினும் சிக்கலானது. வலிமையான நடுக்களத்தைக் கொண்ட கழகத்தின் முன்கள வீரர் ஒரு பருவத்தில் பன்னிரண்டு கோல்கள் அடிக்கலாம். அவற்றுள் எத்தனை அவரது சொந்த முயற்சியால் வந்தவை, எத்தனை தோழரின் துல்லியமான கடத்தலால் வெறுமனே தட்டிவிடப்பட்டவை என்பதைக் கோல் கணக்கு சொல்லாது. அவ்வாறே, தோல்வியுற்ற அணியின் கோல்காப்பாளர் ஆட்டத்துக்கு ஐந்து கோல்களை விட்டுக்கொடுத்தவராகத் தோன்றலாம். அவர் தடுத்த பதினைந்து உதைகளை எவரும் எண்ணி வைப்பதில்லை. ஆகவே, ஒரு வீரரை அவர் ஆடிய சூழலிலிருந்து பிரித்து மதிப்பிடுவதே தெரிவாளரின் தலையாய கடமையாகும்.

இவ்வளவு சிக்கல்கள் எதற்கு, மக்களின் வாக்குக்கே விட்டுவிடலாமே என்று சிலர் கூறுவர். அதற்கு அமெரிக்காவின் அனுபவம் பதில் கூறுகின்றது. அங்கு பேஸ்போல் விளையாட்டில் பல கழகங்களின் சிறந்த வீரர்களைக் கொண்டு ஆண்டுதோறும் நட்சத்திர ஆட்டமொன்று நடத்தப்படுகின்றது. 1957ஆம் ஆண்டு அதற்கான இரசிகர் வாக்கெடுப்பில் சின்சினாட்டி நகர மக்கள் திரண்டு வாக்களித்தனர். முன்கூட்டியே நிரப்பப்பட்ட வாக்குச்சீட்டுகளை உள்ளூர்ப் பத்திரிகையே அச்சிட்டு விநியோகித்தது. விளைவாக, தொடக்க அணியின் எட்டு இடங்களுள் ஏழு அந்நகரக் கழகத்துக்கே கிடைத்தன. விளையாட்டின் ஆணையாளராக இருந்த ஃபோர்ட் ஃப்ரிக் தலையிட்டு, அவ்வெழுவருள் இருவரை நீக்கி வில்லி மேய்ஸ், ஹாங்க் ஆரன் ஆகியோரைச் சேர்த்தார். இரசிகர்களின் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. அது அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது 1970இல்தான். தம் ஊரின் மீது கொண்ட அன்பை அளவுகோலாக்கியோர், ஈற்றில் நாட்டின் எல்லா இரசிகர்களும் குரலிழக்கக் காரணமாயினர்.

பெரிய ஊர் எப்போதும் வெல்லும், சிறிய ஊரின் திறமைசாலி எப்போதும் தோற்பான் என்பதே எண்ணிக்கையை மட்டும் நம்பும் தெரிவின் முடிவாகும். எமது மாவட்டத்தில் அது ஊர்க் கணக்காக மட்டுமன்றி இனக் கணக்காகவும் மாறிவிடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதேவேளை, இரசிகர்களை முற்றாக ஒதுக்குவதும் நன்றன்று. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் 2017 முதல் நட்சத்திர ஆட்டத்தின் தொடக்க வீரர்களைத் தெரிவு செய்கையில் இரசிகர் வாக்குக்கு அரைப்பங்கும், சக வீரர்களின் வாக்குக்குக் காற்பங்கும், ஊடகவியலாளர் வாக்குக்குக் காற்பங்கும் மதிப்பளிக்கப்படுகின்றது. மாற்று வீரர்களைப் பயிற்றுநர்கள் தெரிவு செய்கின்றனர். உடன் ஆடியவனுக்கும் எதிர்த்து ஆடியவனுக்கும் தெரிந்த உண்மை கரையில் நிற்பவனுக்குத் தெரிவதில்லை என்ற எளிய அறிவு அதில் அடங்கியுள்ளது.

இனி எமது நாட்டின் நிலைமைக்கு வருவோம். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ், தேசிய அணிகளின் தெரிவுக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் அங்கீகாரம் பெறப்பட வேண்டும். தெரிவு என்பதும் அரசியல் என்பதும் இங்கு தொடக்கத்திலிருந்தே அருகருகே வைக்கப்பட்டுள்ளன. 2022ஆம் ஆண்டு ஒன்பது மாகாணங்களின் அணிகளும் பங்குபற்றிய சுதந்திரக் கிண்ணச் சுற்றுப்போட்டி நடத்தப்பட்டபோது, கழக எல்லைகளைக் கடந்து மாகாணமாக ஒன்றிணையும் வாய்ப்பு வீரர்களுக்குக் கிட்டியது. ஆனால் மறு ஆண்டே, 2023 ஜனவரியில், வெளித் தலையீட்டைக் காரணம் காட்டி இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை பீஃபா இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஓகஸ்டிலேயே தடை நீங்கியது. நிர்வாகத்தின் நடைமுறைகளில் நம்பிக்கை அற்றுப்போகையில் தண்டனையைச் சுமப்பவன் வீரனே என்பதற்கு இது தக்க சான்று.

தேசிய அணியிலும் இதே வாதம் வேறொரு வடிவில் நிகழ்கின்றது. ஜேர்மனியில் பிறந்த வசீம் ராசிக், 2021 ஜூன் மாதம் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் லெபனானுக்கு எதிராக இரு கோல்களை அடித்தார். இலங்கை 2–3 எனத் தோற்ற போதிலும் அந்த ஆட்டம் பலரது கண்களைத் திறந்தது. அதன் பின்னர் சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் முதலான புலம்பெயர் குடும்பங்களின் பிள்ளைகளும் தேசிய அணிக்கு அழைக்கப்பட்டனர். 2024 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் கம்போடியாவைத் தண்ட உதைகளில் வென்று இலங்கை அடுத்த கட்டத்துக்கு முன்னேறியது. உள்ளூர் மைதானத்தில் வியர்வை சிந்தியவனின் இடம் பறிக்கப்படுகின்றதே என்ற கவலை நியாயமற்றதன்று. அதற்குரிய விடை, இருவரையும் ஒரே அளவுகோலால் அளந்து, அந்த அளவை இருவருக்கும் தெரியப்படுத்துவதுதான்.

ஊருக்கு இருவர், சமூகத்துக்கு அரைவாசி என்ற பங்கீடே சச்சரவைத் தீர்க்கும் என்பாரும் உளர். அவர்களது நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் அவ்வாறு தெரிவாகும் இளைஞன், தகுதியால் வந்திருந்தாலும் பங்கீட்டால் வந்தவன் என்ற பெயரைச் சுமக்க நேரிடுகின்றது. அதேவேளை, தகுதி மட்டுமே போதும் என்போரும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருபோதும் பார்க்கப்படாதவனின் தகுதியை எவர் அறிவார்? போர்க்காலத்தில் ஊர்விட்டு ஊர் சென்று ஆடுவது எமது இளைஞர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. இன்றும் படுவான்கரையின் உட்புறக் கிராமமொன்றின் ஆட்டத்தைத் தெரிவாளர் சென்று பார்ப்பது அரிதாயின், அங்கு சமத்துவம் ஏற்கெனவே மீறப்பட்டுவிட்டது. பங்கீடு செய்யப்பட வேண்டியது தெரிவாளரின் நேரமும் கவனமுமே. அது நேர்மையாகப் பங்கிடப்படின், இறுதிப் பட்டியலில் பங்கீடு தேவைப்படாது.

இதன் அடிப்படையில் சில நடைமுறைகளை நாம் முன்வைக்க விரும்புகின்றோம். பருவம் தொடங்கும் முன்னரே ஒவ்வோர் இடத்துக்கும் எத்தகைய வீரர் தேவை என்பது எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். உத்தேசப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் குறைந்தது மூன்று ஆட்டங்களிலேனும், அவரது ஊரைச் சாராத தெரிவாளர் ஒருவர் உட்பட இருவர் பார்த்திருத்தல் வேண்டும். தமது கழகத்தின் வீரரோ உறவினரோ பரிசீலிக்கப்படுகையில் அத்தெரிவாளர் விலகியிருத்தல் வேண்டும். தெரிவு ஆட்டங்களில் கழகத்துக்கு எதிராகக் கழகத்தை நிறுத்தாது, ஏறாவூர் நடுக்களத்தையும் செங்கலடி முன்களத்தையும் ஒரே அணியில் கலந்து ஆடவிடல் வேண்டும். பழகாத தோழனுக்கும் பந்தை மனமுவந்து கடத்துபவன் எவன் என்பது அங்கே வெளிப்பட்டுவிடும். நிறைவாக, இடம் பெறாதவனுக்கு அவனிடம் குறைவது யாது என்பதை நேரில் கூற வேண்டும். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை.

இரசிகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. எமது வீரரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பதற்கு முன்னர், எடுக்கப்பட்டவரின் ஆட்டத்தை நாம் ஒரு தடவையேனும் முழுமையாகப் பார்த்தோமா என்று எம்மையே கேட்டுக்கொள்வது நன்று. ஏறாவூர் அஹமட் பரீட் மைதானத்துக்குச் செங்கலடி இரசிகரும், மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்கு ஏறாவூர் இரசிகரும் அயலூரின் ஆட்டத்தைப் பார்ப்பதற்காகவே செல்லும் வழக்கம் வளருமாயின், வாதத்தின் தரமும் உயரும். எதிரணியின் பின்கள வீரரைப் பெயர் சொல்லிப் புகழத் தெரிந்த இரசிகர், தம் ஊர் வீரருக்காக வாதிடும்போது அவரது சொல்லுக்கு எடை கூடும்.

அணியில் இடம் கிடைக்காத பதினேழு வயது இளைஞன் அடுத்த நாள் மாலையில் மீண்டும் பாதணியை அணிந்து மைதானத்துக்கு வருகின்றானா, அல்லது தன் பெயரினால்தான் ஒதுக்கப்பட்டேன் என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுகின்றானா என்பதைக் கொண்டே ஒரு தெரிவின் நேர்மையை அளவிட முடியும். அவன் தமிழனாயினும் முஸ்லிமாயினும் அவனை மீண்டும் மைதானத்துக்கு அழைத்துவரும் பொறுப்பு, கழக நிர்வாகிகள், பயிற்றுநர்கள், தெரிவாளர்கள், இரசிகர்கள் ஆகிய அனைவரையும் சார்ந்தது. எதிர்வரும் பருவத்திலேனும் அப்பொறுப்பு உணரப்பட வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.