வெள்ளைத் தேயிலை: நசுக்காததால் வந்த சுவை

எருமப்பட்டி டீக்கடையில் பாலோடு கொதிக்கும் டஸ்ட் டீயும், நீலகிரியில் தயாராகும் வெள்ளைத் தேயிலையும் ஒரே செடியிலிருந்து வருபவைதான். பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

தேயிலையின் செல்லுக்குள் பாலிஃபீனால்களும், அவற்றை ஆக்சிஜனோடு வினைபுரியச் செய்யும் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. டஸ்ட் டீக்காக இலையை நசுக்கிக் கிழிக்கும்போது இரண்டும் கலக்கின்றன. இலை கறுக்கிறது, சாறு திடமாகிறது. வெள்ளைத் தேயிலையை நசுக்குவதே இல்லை. இளம் மொட்டுகளைக் கையால் கிள்ளி, வாடவிட்டு, உலர்த்துவதோடு சரி. மொட்டைப் போர்த்திய வெண்ணிற ரோமமும் உதிராமல் தங்குகிறது. சீனாவின் ஃபுஜியன் மாகாணம் இதன் தாயகம், இலங்கையிலும் தயாராகிறது.

எப்படிப் போடுவது?

கொதிக்கும் நீர் வேண்டாம். சுமார் 80 டிகிரி செல்சியஸ் போதும். சில நிமிடம் ஊறினால் வெளிர் மஞ்சள் சாறு, பூ மணம், மெல்லிய இனிப்பு. பால் ஊற்றினால் அந்த நுட்பம் மறைந்துவிடும்.

உடம்புக்கு நல்லதா?

கேட்டச்சின் போன்ற ஆன்டிஆக்சிடன்ட்கள் இதில் உண்டு. ஆனால் புற்றுநோயைத் தடுக்கும், எடையைக் குறைக்கும் என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான சான்று இல்லை. காஃபின் குறைவு என்பதும் எப்போதும் சரியல்ல: பூச்சிகளை விரட்டச் செடி காஃபினை இளந்தளிரில்தான் அதிகம் சேர்க்கிறது. எந்தத் தேநீரும் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பதே நல்லது.