தண்ணீர் குடைந்த மலை

பிலிப்பீன்ஸின் பலவான் தீவில், புவெர்ட்டோ பிரின்செசா பாதாள ஆறு குகைக்குள்ளேயே 8.2 கிலோமீட்டர் ஓடி நேராகக் கடலில் கலக்கிறது. அதன் படங்களைப் பார்த்த வாசகர்கள் கேட்கும் கேள்வி, சிங்கப்பூரில் இப்படி ஏதாவது உண்டா என்பதுதான். இல்லை. புக்கிட் தீமா கருங்கல் மலை. தண்ணீர் அதை எளிதில் கரைக்காது. குகையாறு பிறக்கச் சுண்ணாம்புக்கல் வேண்டும்.

அந்தக் கல்லைப் பார்க்கப் பலவானுக்குப் போக வேண்டியதில்லை. மலேசியாவின் பத்துமலை போதும்.

272 படியேறியதும் முருகன் சன்னிதியைச் சூழ்ந்து நிற்கும் பிரம்மாண்டமான கூடத்தைக் குடைந்தது தண்ணீர்தான். காபி ஃபில்டரில் வெந்நீர் தூளின் ஊடே இறங்கி டிகாக்‌ஷன் ஆவதுபோல, மழைநீர் இலைமக்கின் ஊடே இறங்கும்போது கரியமில வாயுவை ஏற்று லேசாகப் புளிக்கிறது. அந்தப் புளிப்பு, சுமார் 40 கோடி ஆண்டு வயதான கல்லை விரிசல் விரிசலாகக் கரைத்தது. நீர்மட்டம் கீழே இறங்கியபின் கூடம் மட்டும் மிஞ்சியது. கரைந்த சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாகப் படிந்து விழுதுகளாகத் தொங்குகிறது.

படிகளின் பாதிக்கு மேல், இடப்பக்கம் இருட்டுக் குகை. பெரும்பாலோர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் மலையின் பெரிய அதிசயம் அங்கேதான் குடியிருக்கிறது: லிஃபிஸ்டியஸ் படுவென்சிஸ் என்ற பொறிக்கதவுச் சிலந்தி. மற்றச் சிலந்திகள் எப்போதோ இழந்துவிட்ட வயிற்றுத் தகடுகள் இதற்கு இன்னும் இருக்கின்றன. அவ்வளவு பழைய வம்சம். குழல்போன்ற கூட்டின் வாயில் பட்டும் மண்ணும் கலந்த மூடி. வாசலிலிருந்து நாலா பக்கமும் மெல்லிய பட்டிழைகளை நீட்டிவிட்டு, உள்ளே கால்களை அவற்றின்மேல் வைத்துக் காத்திருக்கிறது. பூச்சியின் கால் ஓர் இழையில் இடறியதும் மூடி திறக்கிறது. பூச்சியைப் பிடித்து உள்ளே இழுத்ததும் மூடிக்கொள்கிறது.

வெளிச்சம் புகாத அந்த உலகத்துக்கு வௌவால் எச்சமே மூலதனம். அதைத் தின்னும் பூச்சிகள், பூச்சிகளைத் தின்னும் சிலந்திகள் என்று சங்கிலி நீள்கிறது. வௌவால்கள் போனால் எல்லாம் போகும். முன்பு கல்லுடைக்க மலையைச் சுரண்டினார்கள். இன்று பிளாஸ்டிக் புட்டிகளும் இரைச்சலும் குகையின் வாசல்வரை வந்துவிட்டன. 2018இல் வண்ணம் பூசிய படிகள் எல்லார் கைபேசியிலும் இருக்கின்றன. பக்கத்துக் குகையைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை என்பது வருத்தமான விஷயம். சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து பத்துமலைக்குப் பேருந்து ஏற்பாடு செய்கிறவர்கள், பயணத்தாளில் இந்தச் சிலந்தியைப் பற்றி நாலு வரி சேர்க்கலாம். குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஆளுக்கொரு பையும் கொடுக்கலாம்.