வண்டிக்கு அடியில் 80 லிட்டர்

ஆஸ்திரேலியாவில் பேர்ட்ஸ்வில் டிராக் என்று ஒரு மண் சாலை இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் மரீ என்ற சிற்றூரில் தொடங்கி, குயின்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில் ஊர்வரை 517 கிலோமீட்டர். ஒரு காலத்தில் மாட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு போன தடம் அது. வழியெல்லாம் கல்லும் செம்மண்ணும்தான். நம் ஊர்ச் சாலைபோலப் பத்து நிமிடத்துக்கு ஒரு டீக்கடை அங்கே கிடையாது.

நிலத்தின் மேலேதான் வறட்சி. அடியில் இருப்பது 'பெரும் ஆர்ட்டீசியன் படுகை' என்ற மாபெரும் நிலத்தடி நீர்த்தேக்கம். அதன் பரப்பு ஏறத்தாழ 17 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆழ்துளைக் கிணறுகளில் அந்த நீர் மேலே வருகிறது. சில இடங்களில் கொதிநிலையை நெருங்கும் சூட்டோடு வரும். உப்பும் தாதுக்களும் கலந்திருக்கும். தாகம் எடுத்தவுடன் அள்ளிக் குடிக்க முடியாது. ஆகவே இப்படிப்பட்ட சாலைகளில் போகிறவர்கள் குடிநீரைக் கூடவே கொண்டுபோகிறார்கள்.

எதில் கொண்டுபோவது? பலர் காருக்குப் பின்னால் 'கேம்பர் ட்ரெய்லர்' என்ற சிறிய இழுவண்டியைக் கட்டி இழுத்துப் போவார்கள். மடித்து வைத்த கூடாரம், மெத்தை, அடுப்பு, பாத்திரம் எல்லாம் அதற்குள் இருக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு வண்டிக்குள் இடம் மிஞ்சாது. அதனால் தொட்டியை வண்டியின் அடியில் மாட்டிவிடுவார்கள்.

'நாலு போல்ட் போட்டு முடுக்கினால் வேலை முடிந்தது!' என்று தோன்றுகிறதா? ஸ்பேனரை எடுக்கும் முன் பேனாவை எடுக்க வேண்டும். உங்கள் அறிவியல் பாடப் புத்தகத்தின் பாதி இந்தத் தொட்டிக்குள் இருக்கிறது.

முதல் கணக்கு: எவ்வளவு தண்ணீர்?

ஒருவர் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர், நான்கு நாள். 5 × 4 × 4 = 80 லிட்டர்.

80 லிட்டர் பிடிக்கும் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்கும்? 1000 கன சென்டிமீட்டர் சேர்ந்தால் 1 லிட்டர். 80 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் உள்ள ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிப் பார்த்தால் 80,000 கன சென்டிமீட்டர். சரியாக 80 லிட்டர்!

இந்தப் பெட்டி தட்டையாக இருப்பதைக் கவனித்தீர்களா? உயரமான தொட்டியாக இருந்தால் கீழே தொங்கிப் பாறையில் இடிக்கும். தட்டையாக இருந்தால் சட்டகத்தின் இரும்புகளுக்கு இடையில் ஒட்டி உட்கார்ந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு. கனமான பொருள் தாழ்வாக இருந்தால் வண்டியின் ஈர்ப்பு மையமும் தாழ்ந்துவிடும். மேடு பள்ளத்தில் கவிழும் ஆபத்து குறையும்.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1 கிலோ. ஆக 80 லிட்டர் என்பது 80 கிலோ. வளர்ந்த மனிதர் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கூடவே வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்! ஒவ்வொரு இழுவண்டியிலும், அது அதிகபட்சம் எவ்வளவு எடை தாங்கும் என்று பொறித்த தகடு இருக்கும். தண்ணீரின் எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

இரண்டாவது கணக்கு: எங்கே மாட்டுவது?

சுவாரசியமான கட்டமே இதுதான். கேம்பர் ட்ரெய்லருக்குப் பெரும்பாலும் ஒரே அச்சு, இரண்டு சக்கரம். முன்பக்கம் காரின் கொக்கியில் மாட்டியிருக்கும். பூங்காவில் இருக்கும் சீசா மாதிரிதான். நடுவில் தாங்கும் கட்டைக்குப் பதில் அச்சு. அச்சுக்கு முன்னால் எடை வைத்தால் கொக்கியை அழுத்தும். பின்னால் வைத்தால் கொக்கியை மேலே தூக்கப் பார்க்கும்.

எடையோடு, அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தைப் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். மேல் வகுப்பு அண்ணன் அக்காவைக் கேட்டால் சொல்வார்கள். திருப்புத்திறனைக் கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தால் வகுத்தால், கொக்கியில் எடை எவ்வளவு மாறும் என்று தெரியும். அதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம்.

நம் இழுவண்டியின் எடை 1000 கிலோ. கொக்கியிலிருந்து அச்சு 3 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. தண்ணீர் இல்லாதபோது கொக்கியில் 100 கிலோ அழுத்தம். இழுவண்டியின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இருப்பது நல்லது என்பது ஆஸ்திரேலியாவில் பரவலாகச் சொல்லப்படும் வழிகாட்டல். இப்போது 80 லிட்டர் தொட்டியை மூன்று இடங்களில் வைத்துப் பார்ப்போம்.

பின்கோடியில், அதாவது அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் வைத்தால்: 80 × 1.5 ÷ 3 = 40. கொக்கியிலிருந்து 40 கிலோ குறைந்துவிடும். மிச்சம் 60 கிலோ. வண்டியின் எடை 1080 கிலோவாகக் கூடியிருக்கிறது. கொக்கி எடையோ குறைந்திருக்கிறது. இப்படிப் பின்பாரம் ஏறிய வண்டி வேகமாகப் போகும்போது பாம்புபோல இடமும் வலமும் நெளியத் தொடங்கும். வேகம் கூடக்கூட நெளிவும் கூடும். காரையே இழுத்துக் கவிழ்த்துவிடக்கூடிய ஆபத்து அது.

முன்கோடியில், அச்சுக்கு 1.5 மீட்டர் முன்னால் வைத்தால்: 40 கிலோ கூடும். கொக்கியில் 140 கிலோ. காரின் பின்பக்கம் அமுங்கும். முன்சக்கரங்களின் மேல் பாரம் குறையும். காரைத் திருப்புவது முன்சக்கரம்தானே? அதன் பிடி தளர்ந்தால் ஓட்டுபவர் பாடு திண்டாட்டம்தான்.

அச்சுக்கு மிக அருகில் வைத்தால்? தூரம் ஏறக்குறைய பூஜ்யம். எந்த எடையையும் பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம்தான். கொக்கி எடை மாறவே மாறாது!

தண்ணீருக்கு மற்றச் சாமான்களுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. அது தினமும் குறைந்துகொண்டே வரும். மெத்தை முதல் நாளும் நான்காம் நாளும் ஒரே எடைதான். தொட்டியோ 80 கிலோவில் தொடங்கிப் பூஜ்யத்தில் முடியும். கோடியில் மாட்டியிருந்தால், வண்டியின் சமநிலை ஒவ்வொரு நாளும் மாறும். அச்சருகே மாட்டியிருந்தால் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் அச்சுக்கு நேராகச் சக்கர வில்களும் பிரேக் பாகங்களும் ஏறி இறங்கி அசைந்துகொண்டிருக்கும். அதனால் அவற்றுக்கு இடம் விட்டு, அச்சுக்குச் சற்று முன்னால் மாட்டுவதுதான் வழக்கம்.

அலைபாயும் தண்ணீர்

கார் திடீரென்று பிரேக் போட்டால் நீங்கள் முன்னால் சாய்கிறீர்கள். காரணம் நிலைமம். போய்க்கொண்டிருக்கும் பொருள் போய்க்கொண்டே இருக்கத்தான் பார்க்கும். தொட்டியில் உள்ள தண்ணீரும் அப்படித்தான். முன்சுவரில் போய் மோதும். திரும்பிப் பின்சுவரில் மோதும்.

எந்தத் தொட்டி அதிகம் அலையும்? நிரம்பியதா, பாதி நிறைந்ததா? நிரம்பிய தொட்டியில் தண்ணீருக்கு நகர இடமில்லை. பாதி நிறைந்த தொட்டியில் 40 கிலோ தண்ணீர் தாராளமாக ஓடி விளையாடும். ஆகவே பாதித் தொட்டியில்தான் தொல்லை அதிகம்.

இதற்கு இரண்டு வழி. தொட்டியின் 50 செ.மீ. பக்கம் வண்டி போகும் திசையில் இருக்கும்படி, குறுக்காக மாட்டலாம். பிரேக் போடும்போது தண்ணீர் ஓடும் தூரம் குறையும். அடுத்து, தொட்டிக்குள் துளையிட்ட தடுப்புச் சுவர்கள் இருக்க வேண்டும். தண்ணீர் துளைகள் வழியாக மெதுவாகப் போய்வரும். மொத்தமாகப் பாய முடியாது. சாலையில் போகும் பால் லாரி, பெட்ரோல் லாரிகளின் தொட்டிகளிலும் தடுப்புகள் வைப்பது இதற்காகத்தான்.

குலுங்கினால் எடை கூடுமா?

மண் சாலையில் வாகனங்கள் ஓடி ஓடி, தகரக் கூரைபோல வரிவரியாக மேடு பள்ளம் விழுந்துவிடும். அதன்மேல் போகும்போது வண்டி கடகடவென்று மணிக்கணக்கில் அதிரும். பள்ளத்தில் இறங்கிய வண்டி சட்டென்று மேலே எழும்பும்போது, தண்ணீரையும் சேர்த்து மேலே தூக்கியாக வேண்டும். அந்த முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாக இருந்தால், தொட்டியைத் தாங்கும் பட்டைகள் 80 கிலோவுக்குப் பதில் 160 கிலோவின் விசையை உணரும். நியூட்டனின் இரண்டாம் விதி செய்யும் வேலை இது. நின்றிருக்கும் வண்டியில் கச்சிதமாக இருக்கும் பட்டை, ஓடும் வண்டியில் அறுந்து விழுவதற்குக் காரணம் இப்போது புரிகிறதா?

அதனால் தொட்டியைச் சுற்றி அகலமான இரும்புப் பட்டைகள் போட்டு, அவற்றைச் சட்டகத்தோடு இறுக்குவார்கள். பட்டைக்கும் தொட்டிக்கும் நடுவே ரப்பர் வைப்பார்கள். இல்லாவிட்டால் அதிர்வில் இரும்பு உரசி உரசித் தொட்டியில் ஓட்டை விழும். அதிர்வில் சாதாரண நட்டு தானாகவே கழன்றுவிடும். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு போட்டால் எளிதில் கழலாது. காரின் சக்கரங்களிலிருந்து தெறிக்கும் கல் படாமல் இருக்க, தொட்டிக்கு முன்னால் ஓர் அலுமினியத் தகட்டையும் மாட்டிவிடுவார்கள்.

தொட்டி எதனால் ஆனது? பெரும்பாலும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் பொடியை ஒரு வார்ப்பு அச்சுக்குள் போட்டு, சூடாக்கிக்கொண்டே பல திசைகளில் சுழற்றுவார்கள். பொடி உருகி உட்சுவர் முழுவதும் படியும். ஆறியதும் எங்குமே ஒட்டில்லாத தொட்டி தயார். ஒட்டு இல்லாததால் அதிர்வில் விட்டுப்போக இடமும் இல்லை. நம் வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டியும் இதே முறையில் செய்ததுதான். வெளிச்சம் உள்ளே புகாத தொட்டியாக இருப்பது நல்லது. வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி வளராது.

காற்றுக்கும் ஒரு வழி

மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் தானாகக் கீழே இறங்கி வரும். வண்டியிலோ தொட்டி கீழே, குழாய் மேலே. பம்பு வேண்டும். கைப்பம்பாக இருக்கலாம், 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன மின்பம்பாகவும் இருக்கலாம்.

'பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது' என்று சொல்கிறோம். உண்மையில் நடப்பது வேறு. பம்பு செய்வதெல்லாம் குழாயில் உள்ள காற்றழுத்தத்தைக் குறைப்பதுதான். தொட்டிக்குள் தண்ணீரின் மேல் நிற்கும் காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. வளிமண்டல அழுத்தத்தால் தண்ணீரை ஏறத்தாழ 10 மீட்டர் உயரம்வரைதான் இப்படித் தள்ள முடியும். 'அதற்குமேல் ஏன் ஏறுவதில்லை?' என்ற புதிரைக் கலிலியோவின் சீடர் டாரிசெல்லி 1640களில் ஆராய்ந்தபோதுதான் காற்றழுத்தமானி பிறந்தது. நமக்குத் தேவை ஒரு மீட்டர் உயரம்தான், கவலையில்லை.

ஆனால் தண்ணீரைத் தள்ளும் காற்று தொட்டிக்குள் வந்தாக வேண்டுமே? அதற்காகத் தொட்டியின் மேல்பகுதியிலிருந்து ஒரு மெல்லிய காற்றுக்குழாய் போகும். தண்ணீர் நிரப்பும்போது உள்ளிருக்கும் காற்று அதன் வழியே வெளியேறும். எடுக்கும்போது அதே வழியில் உள்ளே வரும். அது அடைத்துக்கொண்டால் நிரப்பும்போது 'குளுக் குளுக்' என்று தண்ணீர் திரும்பி முகத்தில் தெறிக்கும். எடுக்கும்போது பம்பு முக்கும், தண்ணீர் வராது, தொட்டியின் சுவரே உள்வாங்கும். செம்மண் தூசி பறக்கும் ஊர் என்பதால், காற்றுக்குழாயின் வாயை உயரமான இடத்தில் வைத்து மெல்லிய வலையும் கட்டுவார்கள்.

செய்து பாருங்கள்

எளிதில் நசுங்காத ஒரு சிறிய பாட்டிலில் தண்ணீர் நிரப்புங்கள். அதில் ஒரு ஸ்ட்ராவை விட்டு, பாட்டில் வாயைச் சுற்றிக் களிமண்ணோ சப்பாத்தி மாவோ வைத்துக் காற்றுப் புகாமல் அடையுங்கள். இப்போது உறிஞ்சிப் பாருங்கள். கொஞ்சம் வந்து நின்றுவிடும். மாவில் ஓர் ஈர்க்குச்சியால் துளை போட்டுவிட்டு மறுபடி உறிஞ்சுங்கள். தண்ணீர் தாராளமாக வரும். அந்தத் துளைதான் நம் தொட்டியின் காற்றுக்குழாய்.

இனி ஒரு கணக்கு உங்களுக்கு. 75 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரமுள்ள ஒரு தொட்டி. அதை அச்சுக்கு 90 செ.மீ. முன்னால் மாட்டி, நிறையத் தண்ணீர் ஊற்றுகிறோம். கொக்கியிலிருந்து அச்சுக்கு அதே 3 மீட்டர். கொக்கியில் எத்தனை கிலோ கூடும்? முதலில் லிட்டரைக் கண்டுபிடியுங்கள், பிறகு திருப்புத்திறன். விடை 18 கிலோ என்று வந்தால், தொட்டியை எங்கே மாட்ட வேண்டும் என்று பெரியவர்களுக்கே நீங்கள் சொல்லித் தரலாம்.