கடைசி மருந்து, முதல் மருந்தாகும்போது

மனித உயிரைக் காக்க ஒதுக்கிவைக்க வேண்டிய ஆன்டிபயாடிக்குகள் கோழித் தீவனத்திலும் மாட்டுக் கொட்டிலிலும் கரைகின்றன. கோலிஸ்டினுக்கு 2019-ல் பூட்டு விழுந்தது. மற்றவற்றின் கதி?

காலையில் பால் கறக்க உட்காரும்போதுதான் தெரியவரும். எருமையின் மடியில் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சுடும். பீய்ச்சினால் பால் திரிதிரியாக வரும். கால்நடை மருத்துவமனை தொலைவில். கூப்பிட்ட குரலுக்கு வருபவர் சினை ஊசி போடுபவர்தான். அவர் பையில் எப்போதும் ஒரு ஆன்டிபயாடிக் குப்பி இருக்கும். இன்று ஒரு ஊசி, நாளை இன்னொன்று. மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தால் அதோடு சிகிச்சை முடிந்தது. பாலோ முதல் நாள் மாலையே சொசைட்டி கேனுக்குப் போய்விட்டது. ஹரியானாவிலிருந்து ஆந்திரம்வரை கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது.

அந்தக் குப்பியில் இருப்பது பழைய பெனிசிலினாக இருந்தால் கவலை குறைவு. பல நேரங்களில் அது மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் வகையைச் சேர்ந்தது. ரத்தத்தில் கிருமி பரவிய நோயாளிக்கு மருத்துவமனையில் ஏற்றப்படுவதும் இதே வகைதான். கொட்டிலுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் மருந்து அலமாரி ஒன்று என்பதுதான் பிரச்சினையின் மையம்.

எந்த மருந்துகளை மனிதர்களுக்காகப் பத்திரப்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005 முதல் பட்டியல் போட்டுவருகிறது. 2024-ல் வெளியான பட்டியலில் உச்ச முன்னுரிமை பெற்றவை நான்கு வகை: மூன்றாம், நான்காம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், குயினலோன்கள், கோலிஸ்டின் அடங்கிய பாலிமிக்சின்கள், ஃபாஸ்ஃபோமைசின் போன்ற ஃபாஸ்ஃபோனிக் அமில மருந்துகள். கால்நடைகளுக்கு இவற்றைத் தரவே கூடாது என்பதல்ல இதன் பொருள். வேறு மருந்து பலிக்காது என்று தெரிந்த பிறகே இவற்றைத் தொட வேண்டும் என்பதுதான். நடைமுறையிலோ பல இடங்களில் கடைசி மருந்து முதல் மருந்தாகிவிடுகிறது.

கோலிஸ்டின் தந்த பாடம்

1950களில் புழக்கத்துக்கு வந்த கோலிஸ்டின், சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதால் 1970களில் டாக்டர்களால் ஓரங்கட்டப்பட்டது. ஆனால் மற்ற மருந்துகளுக்கு மசியாத கிருமிகள் மருத்துவமனைகளில் பெருகியதும், வேறு வழியின்றி மீண்டும் அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டது. இன்று பல நோயாளிகளுக்கு அதுதான் கடைசிக் கதவு.

மனித மருத்துவம் அதை மறந்திருந்த காலத்தில் பண்ணைகள் மறக்கவில்லை. வயிற்றுப்போக்கைத் தடுக்கவும் எடை கூட்டவும் பன்றிகளுக்கும் கோழிகளுக்கும் தீவனத்தில் கலந்து கொடுக்கப்பட்டது. நோயில்லாத மந்தை முழுவதும் தினசரி சிறிதளவு மருந்தை உண்டது. கிருமிகளுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சிக்கூடம் கிடையாது. பலவீனமானவை சாகும். தாக்குப்பிடித்தவை பெருகும்.

2015 நவம்பரில் சீன விஞ்ஞானிகள் ஓர் அதிர்ச்சித் தகவலை வெளியிட்டனர். ஷாங்காயில் ஒரு பன்றியிடமிருந்து எடுக்கப்பட்ட ஈ-கோலை பாக்டீரியாவில், கோலிஸ்டினைச் செயலிழக்க வைக்கும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு இருந்தது. அது பிளாஸ்மிட் எனப்படும் தனி வளையத்தில் அமர்ந்திருந்ததுதான் ஆபத்து. அந்த வளையத்தை ஒரு கிருமி வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிவிட முடியும். கடை இறைச்சியிலும் நோயாளிகளிடமும் அதே மரபணு தென்பட்டது. கள்ளச்சாவி பண்ணையோடு நிற்கவில்லை.

சீனா 2017-ல் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதைத் தடை செய்தது. பலன் கண்கூடு. 2015-16-ல் ஆய்வுக்கு எடுத்த பன்றி மாதிரிகளில் 34 சதவீதமாக இருந்த கோலிஸ்டினை எதிர்க்கும் ஈ-கோலை, 2017-18-ல் 5.1 சதவீதமாகச் சரிந்தது. கோழிகளில் 18.1 சதவீதம் 5 சதவீதமாயிற்று. மருந்தை நிறுத்தினால் கிருமிகளும் மெல்ல வழிக்கு வரும் என்பதற்கு இதைவிட ஆதாரம் தேவையில்லை.

இந்தியா விழிக்க இரண்டாண்டுகள் கூடுதலாயின. கால்நடைகளுக்கான கோலிஸ்டின் இந்தியாவுக்கு வந்து குவிவதையும், எடை கூட்டும் தீவனக் கலவையாக அது வெளிப்படையாக விளம்பரம் செய்யப்படுவதையும் 2018-ல் புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் அம்பலப்படுத்தினர். 2019 ஜூலை 19 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஏ பிரிவின்கீழ், உணவுக்கான கால்நடைகள், கோழிகள், மீன், இறால் வளர்ப்பு, தீவனக் கலவைகள் ஆகியவற்றுக்காகக் கோலிஸ்டினைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. மனிதர்களுக்கான கோலிஸ்டின் உறைகளிலும் 'இவற்றுக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று அச்சிட உத்தரவானது.

லேபிளில் இருக்கும் சட்டம்

ஆனால் கோலிஸ்டின் ஒரு மருந்துதான். குயினலோன் வகையைச் சேர்ந்த என்ரோஃப்ளாக்சசின் கால்நடைகளுக்கென்றே தயாராவது. 'மாட்டு மருந்துதானே' என்று தோன்றும். உடலுக்குள் போனதும் அதில் ஒரு பகுதி, மனிதர்கள் சாப்பிடும் சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறுகிறது. ஒன்றை எதிர்க்கப் பழகிய கிருமி மற்றொன்றையும் எதிர்க்கும். இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்கா 2005-ல் கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் தருவதை நிறுத்தியது.

இந்தியாவில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. உணவுக்கான கால்நடை மருந்துகளின் லேபிளில், கடைசி டோஸுக்குப் பிறகு எத்தனை நாட்கள் காத்திருக்க வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். தனியாக நிர்ணயிக்கப்படாத மருந்துகளுக்குப் பால், முட்டை என்றால் குறைந்தது 7 நாள். இறைச்சி என்றால் 28 நாள். 2014 முதல் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களை விற்கும் கடைக்காரர், சீட்டு எழுதியவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். ஆனால் குப்பி நேரே கொட்டிலுக்கு வந்துவிட்டால் பதிவேடு எதற்கு? லேபிளோ ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

லேபிளைப் படிக்கத் தெரிந்தவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நாளுக்கு 8 லிட்டர் கறக்கும் எருமை, லிட்டர் 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஏழு நாள் பாலைக் கீழே ஊற்றினால் 2,800 ரூபாய் நஷ்டம். ஒற்றை எருமையை நம்பியிருக்கும் வீட்டில் அது பள்ளிக் கட்டணம் அல்லது மளிகைக் கடை பாக்கி. அந்த நஷ்டத்தில் யாரும் பங்கு கேட்டு வருவதில்லை. பாலைக் கொட்டச் சொல்லும் விதி மட்டும் வருகிறது. பொறுப்பு என்ற சொல்லை விவசாயியின் தலையில் மட்டும் ஏற்றினால் அது நிற்காது.

விலை கொடுப்பவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். 2011 முதல் 2014 வரை டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 13,530 பச்சிளங் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு அதைக் காட்டியது. ரத்தத்தில் கிருமி பரவிய குழந்தைகளிடம் அதிகம் காணப்பட்ட அசினெடோபாக்டர் கிருமியில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு ஒருசேர அடங்காதவை. இவை கோழிப்பண்ணையிலிருந்து வந்தவை என்று சொல்ல முடியாது. மருத்துவமனைச் சுகாதாரக் குறைவும், சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் எழுதும் பழக்கமும் பெரிய குற்றவாளிகள். ஆனால் இப்படிப்பட்ட குழந்தைக்கு மிஞ்சியிருக்கும் ஓரிரு மருந்துகளைப் பண்ணையிலும் செலவழித்துவிட்டால், டாக்டர் கையில் எதுவும் இருக்காது.

ஊசிக்கு முன்னால்

வழி இல்லாமல் இல்லை. மடி நோயை வருமுன் கண்டுபிடிக்க நான்கு குழிகள் கொண்ட ஒரு தட்டும் சோப்பு நீர் போன்ற ஒரு கரைசலும் போதும். நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனிக் குழியில் விட்டுக் கரைசலைக் கலந்து சுழற்றினால், நோயுள்ள காம்பின் பால் கூழாகிவிடும். தொழுவம் ஈரமின்றி இருப்பது, கறந்தபின் காம்பைக் கிருமிநாசினியில் நனைப்பது ஆகியவை நோயைப் பாதி வழியிலேயே நிறுத்தும்.

ஆரம்பக் கட்ட மடி நோய்க்குத் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு கைவைத்தியத்தைத் தேசிய பால்வள வாரியம் பல மாநிலங்களின் பால் ஒன்றியங்களில் பரப்பிவருகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி வகுத்த முறை இது: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்த விழுதை நீரில் கரைத்து மடியில் ஒரு நாளைக்குப் பலமுறை பூச வேண்டும். காய்ச்சல் கண்டு தீனி எடுக்காமல் படுத்துவிட்ட மாட்டுக்கு இது போதாது. அதற்கு டாக்டரும் ஆன்டிபயாடிக்கும் வேண்டும். ஆனால் எல்லா வீக்கத்துக்கும் ஊசி என்ற பழக்கத்தை இது உடைக்கிறது.

ஊசி தேவைப்படும்போதும் வரிசை ஒன்று உண்டு. பாலைச் சோதனைக்கு அனுப்பி எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது. குறுகிய வீச்சுள்ள பழைய மருந்தில் தொடங்குவது. வீக்கம் வடிந்தாலும் டாக்டர் சொன்ன நாள்வரை கொடுப்பது. 2022-ல் குஜராத்தையும் ராஜஸ்தானையும் உலுக்கிய தோல் கழலை நோய் வைரஸால் வருவது. வைரஸை எந்த ஆன்டிபயாடிக்கும் கொல்லாது. அங்கே தேவை தடுப்பூசி. எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்ற வழிகாட்டி நூலை மத்திய கால்நடைத் துறை 2024 அக்டோபரில் வெளியிட்டுள்ளது. அது மாவட்டத் தலைநகரங்களைத் தாண்டி, சினை ஊசி போடுபவரின் பைவரை போய்ச் சேர வேண்டும். சோதனைக்கூடமும் பால் சொசைட்டிக்கு எட்டும் தூரத்தில் வேண்டும்.

கோலிஸ்டினைத் தடுக்க ஒரு கெஜட் அறிவிப்பு போதுமானதாக இருந்தது, ஏனென்றால் அது இல்லாமலும் கோழி வளரும். மாட்டுக் கொட்டிலில் அப்படியல்ல. நோயுற்ற மாட்டுக்கு மருந்து தேவை; அதன் சொந்தக்காரருக்குப் பால் பணம் தேவை. ஏழு நாள் பாலின் நஷ்டத்தைச் சொசைட்டியோ அரசோ காப்பீடோ பகிர்ந்துகொள்ளும் நாளில், லேபிளில் உள்ள விதியைக் கேட்க ஆள் இருக்கும். அதுவரை அந்த 2,800 ரூபாயை மிச்சம் பிடிக்க, விலை மதிப்பில்லாத ஒரு மருந்து செலவாகிக்கொண்டே இருக்கும்.