கழன்ற வெப்பத் தணிப்பானும் கணினியின் உயிரும்

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் 1972ஆம் ஆண்டு தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அவ்வாண்டே அங்குத் தொடங்கிற்று. 1975இல் அது தீக்கிரையாகி, மீண்டும் எழுந்தது. ஏ.எம்.டி. நிறுவனமும் 1972இல் அங்கு வந்தது. பால் மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகளும் அவ்வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் சென்றதுண்டு. பல்லாண்டுகளாக வெளிவந்த இன்டெல் செயலிகள் சிலவற்றின் மேல்தகட்டில் 'மலாய்' என ஆங்கிலத்தில் பொறித்திருப்பதைக் காணலாம். அவை நம் நாட்டில் பொருத்திச் சோதிக்கப்பட்டவை என்பதே அதன் பொருள்.

2020ஆம் ஆண்டின் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பிள்ளைகளின் பள்ளிப் பாடம் வீட்டுக்கே வந்துவிட்டது. அப்போது பழைய கணினிகளை வாங்கிய குடும்பங்கள் பல. அத்தகைய கணினி ஒருநாள் இயங்கத் தொடங்கி, விசிறி இரைந்து, சில நிமிடங்களில் தானே அணைந்துவிடும். "தாய்ப்பலகை போய்விட்டது, வேறு வாங்குங்கள்" என்று யாரேனும் சொல்லக்கூடும். அந்தச் சொல்லை ஏற்குமுன் பெட்டியைத் திறந்து பார்த்தல் நன்று. பலமுறை உடைந்திருப்பது ஒரு சிறு பிளாஸ்டிக் கால் மட்டுமே.

செயலி என்பது கணினியின் மூளை. சாதாரண மேசைக் கணினிச் செயலிகள் பல 65 வாட் அளவினவை. பழைய 60 வாட் மஞ்சள் விளக்கைத் தொட்டவர்களுக்கு அவ்வெப்பம் எத்தகையது என்று தெரியும். இங்கோ அது முழுவதும் ஒரு தபால்தலையளவு இடத்தில் எழுகிறது. அவ்வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடுவதற்குச் செயலியின்மேல் அலுமினியத் தகடுகளாலான ஒரு தொகுதியும் விசிறியும் அமர்த்தப்பட்டுள்ளன. இதுவே வெப்பத் தணிப்பான்; கடைக்காரர்கள் 'ஹீட் சிங்க்' என்பர். அது செயலியை இறுக அழுத்தியபடி இருத்தல் வேண்டும். மங்கைத் தாங்கும் கம்பி தளர்ந்தால் மங்கு சாய்ந்து பால் தரையில் வீணாவதுபோல, தணிப்பானின் பிடி தளர்ந்தால் வெப்பம் செயலியிலேயே தேங்கும். ஏறத்தாழ 100 பாகை செல்சியசை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் தணியாவிடில் கணினி அணையும். இது பழுதன்று, தற்காப்பே.

இன்டெல் வகைப் பலகைகளுடன் 2004 முதல் வந்த தணிப்பான்கள் பலவற்றில் நான்கு அழுத்துக் கால்கள் உண்டு. இரண்டாகப் பிளந்த வெண்ணிறக் கால் பலகையின் துளையில் நுழையும். நடுவிலுள்ள கருநிற ஊசி அதை விரித்துப் பிடிக்கும். ஆண்டுக்கணக்கில் வெப்பம் பட்டுப் பட்டு அந்தப் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை பெறுகிறது. தயாரிப்பாளர் ஒரு உலோகத் திருகாணி வைத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றுவது இயல்பு. ஆயினும் இங்கு ஒரு நன்மையுண்டு: முறிந்த கால் தணிப்பானைச் சேர்ந்தது; பலகைக்கு ஊறு இல்லை. நான்கு கால்கள் கொண்ட தொகுதி தனியே விற்கப்படுகிறது. முழுத் தணிப்பானையே மாற்றுவதாயின் துளைகளின் இடைவெளியை அளந்து செல்க. 2004ஆம் ஆண்டு வகையில் அது 72 மில்லிமீட்டர்; 2009 முதல் வந்தவற்றில் 75; 2021இல் வந்த வகையில் 78. மூன்று மில்லிமீட்டர் வேறுபாடுதானே என வலிந்து நுழைத்தால் புதிய காலும் முறியும்.

ஏ.எம்.டி. பலகைகள் பலவற்றில் செயலியின் இருபுறமும் கொக்கியுள்ள பிளாஸ்டிக் சட்டங்கள் திருகாணிகளால் பொருத்தப்பட்டுள்ளன. கொக்கி உடைந்தால் சட்டத்தை மட்டும் மாற்றலாம். 2016இல் வந்த ஏ.எம்.4 வகையில் நான்கு திருகாணிகளையும் ஒருசேரக் கழற்றினால் பலகையின் பின்புறத்து உலோகத் தகடு கீழே விழுந்துவிடும். அதைக் கையால் தாங்கிக்கொள்க. அவ்வகைச் செயலியின் அடியில் 1331 நுண்ணிய ஊசிகள் உள்ளன. பழைய பசை இறுகியிருக்கும்போது தணிப்பானை நேராக மேலே இழுத்தால் செயலியும் உடன் பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். கணினியைச் சிறிது நேரம் இயக்கிச் சூடேற்றி, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கியபின் மெல்ல இடவலமாகத் திருகி எடுப்பதே முறை.

உடைந்த கொக்கியை ஒட்டுப்பசையால் ஒட்டுவோர் உளர். அந்தப் பிடி பல கிலோகிராம் அழுத்தத்தை இரவும் பகலும் சூட்டில் தாங்க வேண்டியது, ஒட்டு நில்லாது. நள்ளிரவில் கனத்த தணிப்பான் கழன்று விழுந்தால் அருகிலுள்ள உறுப்புகளையும் சிதைக்கும். அழுத்துக் கால் கிடைக்காத இடத்தில் 3 மில்லிமீட்டர் திருகாணியும் மரையும் பயன்படுத்தலாம். பலகையின் இருபக்கமும் நைலான் வளையம் வைத்தல் கட்டாயம். உலோகம் பலகையின் மெல்லிய மின்தடங்களைத் தொட்டால் தாய்ப்பலகை உண்மையாகவே போய்விடும். எதிரெதிர் மூலைகளாக, சிறிது சிறிதாக முடுக்குக. பலகை வளையத் தொடங்கினால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

தணிப்பானை ஒருமுறை தூக்கினால் பழைய வெப்பப் பசை பயனற்றதாகும். ஐசோபுரோப்பைல் சாராயம் தோய்த்த துணியால் துடைத்து, செயலியின் நடுவில் மிளகினும் சற்றுப் பெரிய அளவு புதுப்பசை வைத்தால் போதும். மிகுதியாகப் பூசுவதால் குளிர்ச்சி கூடுவதில்லை. விசிறியின் மின்கம்பியை மீண்டும் செருக மறவாதீர். இது அடிக்கடி விடுபடும் வேலை.

வேலை தொடங்குமுன் மின்கம்பியைப் பிடுங்கி, இயக்கு பொத்தானைச் சிறிது அழுத்தி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்க. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறத்தல் கூடாது. பிடுங்கிய பின்னும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

பொருத்தி முடித்ததும் தொடக்க அமைப்புத் திரையில் செயலியின் வெப்பநிலையைப் பார்க்கலாம். கால் மணி நேரம் வேலையின்றி இருந்தும் அது ஏறிக்கொண்டே போனால் நான்கு கால்களில் ஒன்று முழுதாக இறங்கவில்லை. பலகையின் பின்பக்கம் பார்க்க முடிந்தால் நான்கு துளைகளிலும் வெண்ணிற முனை விரிந்திருக்கிறதா எனக் காண்க. வீடு மாற்றும்போதும் லாரியில் ஏற்றும்போதும், தாய்ப்பலகை கிடைமட்டமாக அமைந்து தணிப்பான் அதன்மேல் நிற்குமாறு பெட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுசெல்க.