ஓர் அடி எழுத்து, நான்கு மில்லிமீட்டர்

பிரிட்டனில் மாதிரி ரயில் அமைப்போரிடையே மிகப் பரவலாக வழங்கும் அளவுமுறை ‘ஓ ஓ’ எனப்படும். உண்மையான ரயிலின் ஓர் அடியை 4 மில்லிமீட்டராகச் சுருக்குவதே இம்முறை என்பதால், மாதிரிக்கும் மூலத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1:76 ஆகிறது. 16 அடி 6 அங்குல நீளமுள்ள நிலக்கரி வேகன் ஒன்று இக்கணக்கில் 66 மி.மீ. நீளத்துக்குள், ஏறக்குறைய ஒரு தீப்பெட்டியின் உருவத்துக்குள், அடங்கிவிடுகிறது. அதன் பக்கப் பலகையில் ஓரடி உயரத்துக்கு எழுதப்பட்டிருந்த எழுத்து 4 மி.மீ. ஆகவும், மூலையில் மூன்றங்குல உயரத்துக்கு எழுதப்பட்டிருந்த எண் 1 மி.மீ. ஆகவும் சுருங்குகின்றன. இவ்வளவு சிறிய பரப்பில் வண்ணம் பூசி எழுத்துப் பொறிப்பதற்குக் கைத்திறன் வேண்டும் என்பது பார்த்தவுடன் விளங்கும். ஆனால் இக்கலையில் தேர்ந்தவர்களையும் தேராதவர்களையும் பிரிப்பது கைத்திறன் மட்டுமன்று. வேகன் மீது இருந்த ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு எழுத்தும் எந்த வேலைக்காக அங்கே வைக்கப்பட்டது என்ற அறிவே அவர்களைப் பிரிக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் ரயில் பாதைகள் பல தனியார் கம்பெனிகளின் உடைமையாக இருந்தன. ஒரு கம்பெனியின் நிலையத்தில் சரக்கேற்றிய வேகன் வேறு இரண்டு மூன்று கம்பெனிகளின் பாதைகளைக் கடந்து ஊர் சேர்வது வழக்கமாக இருந்ததால், கட்டணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தீர்த்துவைக்க 1842-இல் ‘ரயில்வே கிளியரிங் ஹவுஸ்’ என்னும் பொதுக் கணக்ககம் நிறுவப்பட்டது. கம்பெனிகளின் பாதைகள் ஒன்றுகூடும் சந்திப்புகளில் நின்ற அதன் எண் குறிப்பாளர்கள், கடந்து செல்லும் ஒவ்வொரு வேகனின் உரிமையாளர் பெயரையும் எண்ணையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். மழையிலும் பனியிலும், மங்கலான விளக்கொளியிலும் அவர்களால் படிக்க முடிய வேண்டும் என்பதற்காகவே எழுத்துகள் தடித்தும் எளிய வடிவிலும் அமைந்தன. வேகனின் பக்கச் சுவர் என்பது சக்கரத்தின் மேல் ஓடிய ஒரு கணக்கேடு என்று சொல்வது மிகையாகாது.

அந்தக் கணக்கேட்டின் வரிகள் ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு. ‘டேர்’ எனப்படும் வெற்று எடை, 6–14–0 என்பது போல டன், ஹண்ட்ரட்வெயிட், குவார்ட்டர் என்ற மூன்று அலகுகளில் எழுதப்பட்டது. நிரம்பிய வேகனை எடைமேடையில் நிறுத்தி, காட்டும் எடையிலிருந்து இதைக் கழித்தால்தான் உள்ளிருக்கும் நிலக்கரியின் எடை தெரியும். பக்கப் பலகைகளின் குறுக்கே சாய்வாக இழுக்கப்பட்ட வெள்ளைக்கோடு, வேகனின் எந்த முனைச் சுவர் கதவாகத் திறக்கும் என்பதைக் காட்டியது. துறைமுகத்தில் வேகனையே தூக்கிச் சாய்த்துக் கப்பலில் நிலக்கரி கொட்டுவோருக்கு அதைத் தூரத்திலிருந்தே அறிவது தேவையாக இருந்தது. காலியான பிறகு எந்தச் சுரங்கத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற குறிப்பும் சிறிய எழுத்தில் இருக்கும். மாதிரி செய்பவர் இந்த வெள்ளைக்கோட்டை அழகுக் கோடு என்று எண்ணிக் கதவில்லாத முனையை நோக்கி இழுத்துவிட்டால், விவரம் அறிந்தவர் கண்ணுக்கு அது எழுத்துப் பிழையாகவே படும்.

நிறமும் இவ்வாறே செய்தி சொல்லியது. 1948 ஜனவரி 1 அன்று ரயில் கம்பெனிகள் நாட்டுடைமையாக்கப்பட்டு ‘பிரிட்டிஷ் ரயில்வேஸ்’ உருவான பிறகு, காற்றை உறிஞ்சி இயங்கும் வாக்குவம் பிரேக் பொருத்தப்பட்ட வேகன்களுக்கு ‘பாக்சைட்’ எனப்பட்ட செம்பழுப்பும், அத்தகைய பிரேக் இல்லாதவற்றுக்குச் சாம்பல் நிறமும் பூசப்பட்டன. எந்த வேகனை வேகமான சரக்கு ரயிலில் சேர்க்கலாம் என்பதை யார்டில் வேலை செய்பவர் நிறத்தைக் கொண்டே அறிந்துகொண்டார். ஆகவே சாம்பல் நிறப் பெட்டியின் அடிச்சட்டகத்தில் பிரேக் உருளையையும், முனையில் பிரேக் குழாயையும் பொருத்திவைக்கும் மாதிரி, தன்னைத்தானே மறுத்துப் பேசுகிறது.

இந்தத் தேவை பிரிட்டனுக்கு மட்டும் உரியதன்று. இந்திய ரயில்வேயின் சரக்கு வேகன்களில் காணப்படும் பதினோரிலக்க எண்ணும் இதே மரபின் வழிவந்ததே. அதன் முதல் இரண்டு இலக்கங்கள் வேகனின் வகையையும், அடுத்த இரண்டு அதன் உரிமை ரயில்வேயையும், அதற்கடுத்த இரண்டு கட்டப்பட்ட ஆண்டையும் குறிக்கின்றன. பின்வரும் நான்கு அந்த வேகனுக்கே உரிய எண். கடைசி இலக்கம், எண்ணைப் படித்ததிலோ எழுதியதிலோ பிழை நேர்ந்ததா என்று கணக்கிட்டுச் சரிபார்ப்பதற்கு உரியது. பிரிட்டனின் எண் குறிப்பாளர் கையேட்டில் குறித்ததை இங்கே கணினி குறித்துக்கொள்கிறது. எழுத்தின் வேலை மாறவில்லை.

பிரிட்டனின் மாதிரிக் கலைஞர்கள் மிகவும் விரும்பிச் செய்வது ‘பிரைவேட் ஓனர்’ வேகன்களை, அதாவது ரயில் கம்பெனிகளுக்கு அன்றி நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் கரி வியாபாரிகளுக்கும் சொந்தமாக இருந்தவற்றை. சிவப்பு, கறுப்பு, பழுப்பு எனப் பல நிறப் பின்னணியில், நிழல் தீட்டிய பெரிய வெள்ளை எழுத்துகளில் உரிமையாளர் பெயரைத் தாங்கிச் சென்ற இவ்வேகன்கள் ஊர் ஊராகச் சுற்றிய விளம்பரப் பலகைகளாகவும் விளங்கின. 1939-இல் போர் தொடங்கியபோது இவை அனைத்தும் அரசின் பொதுப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. நாட்டுடைமைக்குப் பின் இவற்றின் எண்களுக்கு முன்னால், தனியாரிடமிருந்து வந்தவை என்பதைக் காட்டும் ‘பி’ என்ற எழுத்து சேர்க்கப்பட்டது.

எனவே ஒரு மாதிரிக்கு வண்ணம் பூசத் தொடங்குமுன் தீர்மானிக்க வேண்டியது ஆண்டு. கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் பயணிகள் பெட்டிகள் என்றாலே மேற்பாதி பாலேட்டு நிறமும் கீழ்ப்பாதி சாக்லேட் பழுப்புமாக எவர் நினைவுக்கும் வரும்; ஆனால் 1908-இல் அவை முழுப் பழுப்பாகவும், 1912-இல் அரக்குச் சிவப்பாகவும் மாறி, 1922-இல்தான் பழைய இருநிறத்துக்குத் திரும்பின. 1915-இல் நடப்பதாக அமைத்த மாதிரி நிலையத்தில், புதுப்பூச்சின் பளபளப்போடு இருநிறப் பெட்டி வந்து நின்றால் அந்தக் காட்சி முழுவதும் பொய்யாகிவிடும். அதுபோலவே எல்.எம்.எஸ். கம்பெனி தன் சாம்பல் நிற வேகன்களை 1936 முதல் செம்பழுப்புக்கு மாற்றிய காலத்தில், பெரிதாக இருந்த அடையாள எழுத்துகளும் சிறுத்துப் பக்கத்தின் ஓரத்துக்கு ஒதுங்கின.

சான்று தேடுவதற்குப் பழைய புகைப்படங்களே முதல் துணை. எனினும் அவை ஏமாற்றவும் செய்யும். முற்காலக் கறுப்பு-வெள்ளைப் படத்தகடுகள் பல சிவப்பொளியை உணராதவை என்பதால், செந்நிறப் பெட்டி அவற்றில் ஏறத்தாழக் கறுப்பாகவும், நீலம் வெளிறியும் பதிந்திருக்கும். வேகன் கட்டும் தொழிற்சாலைகள், புதிதாக முடிந்த வேகனை வாசலில் நிறுத்தி எடுத்துவைத்த படங்கள் எழுத்தின் இடத்தையும் வடிவத்தையும் துல்லியமாகக் காட்டும். குளோஸ்டர் ரயில்வே கேரேஜ் அண்டு வேகன் கம்பெனி விட்டுச் சென்ற அத்தகைய படங்கள் இத்துறையின் பெருஞ்செல்வம். ஆயினும் அவை வேகனின் முதல் நாளை மட்டுமே காட்டுகின்றன என்பதை மறந்துவிடலாகாது.

இனிச் செய்முறைக்கு வரலாம். பிளாஸ்டிக் பாகங்களை அச்சிலிருந்து எளிதில் கழற்றுவதற்காகப் பூசப்படும் எண்ணெய்ப் பசை அவற்றின் மேல் படிந்திருக்கும். சோப்பு நீரில் கழுவி உலர்த்தாவிட்டால் வண்ணம் பற்றாது. அடுத்து, பரப்பையும் வண்ணத்தையும் பிணைக்கும் பிரைமர் என்னும் முதற்பூச்சு. அதன்மேல் வரும் நிறப்பூச்சில் மிக முக்கியமானது மெல்லிய தன்மை. மாதிரியின் மீது 0.05 மி.மீ. தடிமனில் படியும் பூச்சு, உண்மை அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் 3.8 மி.மீ. தடிமனாகும், அத்தனை கனமாக எந்தத் தொழிற்சாலையும் பூசியதில்லை. கனத்த பூச்சு, பலகைகளுக்கு இடையேயுள்ள மயிரிழைப் பள்ளங்களையும் ஆணித்தலைகளையும் மூழ்கடித்துவிடும் என்பதால், நீர்த்த வண்ணத்தைக் காற்றோடு கலந்து புகைபோலத் தெளிக்கும் ஏர்பிரஷ் என்னும் கருவியைப் பலர் நாடுகிறார்கள். தூரிகையால் பூசுவோர், ஒன்று உலர்ந்தபின் மற்றொன்றாக இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளைத் தருகிறார்கள்.

உண்மை நிறத்தை அப்படியே கலந்து பூசினாலும் மாதிரி மூலத்தைவிடக் கறுத்துத் தோன்றுவது இக்கலையின் புதிர்களுள் ஒன்று. திறந்தவெளி வெயிலில் நாற்பது ஐம்பது அடி தூரத்திலிருந்து காணப்படும் வேகனையும், அறை விளக்கின் கீழே கையளவில் காணப்படும் அதன் மாதிரியையும் கண் ஒரே வகையில் எடைபோடுவதில்லை. அதனால் நிறத்தோடு சிறிது வெள்ளையோ சாம்பலோ சேர்த்து வெளிறச் செய்வதும், கறுப்புக்குப் பதிலாகக் கருஞ்சாம்பல் பூசுவதும் வழக்கம்.

பயணிகள் பெட்டிகள் இன்னும் கூடுதலான பொறுமையைக் கேட்பவை. இருநிறப் பெட்டியில் வெளிர்நிறத்தை முதலில் பூசி, அது நன்கு இறுகியபின் மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்து, அடர்நிறத்தைப் பூச வேண்டும். அடர்நிறத்தின் மேல் வெளிர்நிறம் வந்தால் அதை மறைக்கப் பல பூச்சுகள் தேவைப்பட்டுக் கனம் கூடிவிடும். சட்டங்களின் விளிம்பில் ஓடும் பொன்னிறக் கோடுகளுக்கு, வரைபட அலுவலகங்களில் ஒருகாலத்தில் பயன்பட்ட ரூலிங் பேனா இன்றும் கைகொடுக்கிறது. இரண்டு எஃகு அலகுகளுக்கு இடையே ஒரு துளி வண்ணத்தை ஏந்தி, திருகைத் திருப்பிக் கோட்டின் அகலத்தை அமைத்துக்கொள்ளும் இக்கருவியில், வண்ணம் சற்று நீர்த்தால் பரவும், சற்றுத் தடித்தால் இறங்காது. எல்.என்.இ.ஆர். கம்பெனியின் பெட்டிகளோ நிறம் பூசாமல் வார்னிஷ் மட்டும் ஏற்றிய தேக்கு. அவற்றைச் செய்வோர் வெளிர்மஞ்சட்பழுப்பு அடிப்பூச்சு உலர்ந்தபின், ஏறத்தாழ வறண்ட தட்டைத் தூரிகையால் அடர்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை ஒரே இழுப்பில் இழுத்து மரத்தின் ரேகையை வருவிக்கிறார்கள். ஒவ்வொரு பலகையையும் தனித்தனியே தீட்டினால்தான், அடுத்தடுத்த பலகைகள் நிறத்தில் நூலளவு வேறுபட்டு, மரம் மரமாகத் தோன்றும்.

எழுத்துக்கு வழிகள் இரண்டு. ஒன்று கையால் எழுதுவது. கடைப்பலகை எழுதுவோர் செய்வதைப் போலவே மேலும் கீழும் மெல்லிய கோடிட்டு, சொல்லின் நடு எழுத்தை நடுவில் நிறுத்தி, அங்கிருந்து இருபுறமும் எழுதிச் செல்வதால் இடம் போதாமல் கடைசி எழுத்து நெருங்குவது தவிர்க்கப்படுகிறது. எழுத்தின் விளிம்பு பிசகினால், பின்னணி நிறத்தைத் தொட்டு வெளிப்புறத்திலிருந்து வெட்டித் திருத்தலாம். நல்ல கையெழுத்தின் கூர்மையில் பாதி இந்தத் திருத்தத்தில் பிறப்பதே. மற்றொன்று டிகால், அதாவது மெல்லிய படலத்தில் அச்சிட்டுத் தாளிலிருந்து மாதிரிக்கு மாற்றும் எழுத்து. நீரில் ஊறவைத்து நழுவவிடும் வகையும், அழுத்தி ஒட்டியபின் தாளை நனைத்து நீக்கும் வகையும் பெருவழக்கில் உள்ளன. 1950-இல் தொடங்கப்பட்ட ஹிஸ்டாரிகல் மாடல் ரயில்வே சொசைட்டி வெளியிடும் ‘பிரெஸ்ஃபிக்ஸ்’ தாள்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

நழுவவிடும் டிகாலுக்குப் பரப்பு பளபளப்பாக இருத்தல் வேண்டும். மங்கலான பரப்பு நுண்மேடுபள்ளங்கள் நிறைந்தது. அப்பள்ளங்களில் சிக்கும் காற்று, படலத்தின் அடியில் வெள்ளிபோல மினுங்கி ஒட்டு வேலையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆதலால் முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசி, டிகாலைப் பதித்து, படலத்தை இளக்கும் திரவத்தைத் தொட்டு, பலகை இடைவெளிகளில் கூரிய கத்தியால் மெல்லக் கீறி அதை உள்ளே அமிழச்செய்து, இறுதியில் மங்கல் வார்னிஷால் அனைத்தையும் ஒன்றாக மூடுகிறார்கள். எழுத்து பலகையோடு பலகையாகப் படிந்து, இடைவெளியில் முறிந்து தெரிந்தால்தான் அது எழுதப்பட்ட எழுத்தாகத் தோன்றும்.

இறுதிக் கட்டம் காலத்தைப் பூசுவது. நீர்த்த அடர்பழுப்பைப் பள்ளங்களில் ஓடவிட்டுத் துடைப்பதும், வறண்ட தூரிகையால் விளிம்புகளைத் தேய்ப்பதும், நிறப்பொடியால் பிரேக் தூசியையும் கரித்தூளையும் காட்டுவதும் இதன் முறைகள். இங்கேயும் காரணமே வழிகாட்டி: வேலைப்பளு மிகுந்த போர்க்காலத்தில், பழுதான பலகைக்குப் பதில் பொருத்திய புதுப்பலகை பூச்சின்றிச் சாம்பல் வெளுத்து நின்றது, அதில் இருந்த எழுத்துத் துண்டு பழைய பலகையோடு போய்விட, உரிமையாளரின் பெயர் நடுவே அறுந்து நின்றது.

1950-ஐ ஒட்டிய ஆண்டுகளின் கரி வேகன் ஒன்றை முறையாகச் செய்தால், மாதிரிக் கலைஞர் அதே பெட்டியில் இரண்டு வாழ்வுகளை எழுத வேண்டியிருக்கும்: முதலில் முழுப்பெயரையும் நிழலோடு எழுதி, பின் அதைத் தேய்த்து மங்கவைத்து, இரண்டு பலகைகளை வெறுமையாக்கி, கீழ்மூலையில் ஒரு கறுப்புச் சதுரம் தீட்டி, அதனுள் ‘பி’ என்று தொடங்கும் புதிய எண்ணை ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய உயரத்தில் எழுத வேண்டும். அந்தப் பெயர் விளம்பரத்துக்காக எழுதப்பட்டது. அதன் உரிமையாளருக்கு இனி அந்த வேகன் சொந்தமில்லை என்பதால் எவரும் அதைப் புதுப்பிக்கவில்லை. அந்த எண் கணக்குக்காக எழுதப்பட்டது. கணக்கு இன்னும் தொடர்ந்ததால் அது மட்டும் புதிதாக, வெள்ளையாக, தெளிவாக இருந்தது. எது மங்க வேண்டும், எது துலங்க வேண்டும் என்பதை அறிந்து எழுதும் கைதான், 66 மி.மீ. நீளப் பிளாஸ்டிக் துண்டை வேகனாக்குகிறது.